நிறங்களைப் பிரித்த நல்லறிஞர்

பெண்ணாடத்தைச் சூழ்ந்த கரும்பு வயல்களில் இளந்தோகை பசுமையாக ஒளிர்வதையும், அதுவே முதிர்ந்து உலருங்கால் மஞ்சள் நிறம் கொள்வதையும் நாம் கண்டிருக்கிறோம். பசுமை மறைந்தபின் மஞ்சள் எங்கிருந்து வந்தது? இலை பசுமையாக இருந்த நாளிலேயே அந்த மஞ்சளும் அதனுள் இருந்தது. பச்சை மிகுந்திருந்தமையால் நம் கண்ணுக்குப் புலப்படவில்லை. பச்சை அழிந்ததும் மஞ்சள் வெளிப்பட்டது. இவ்வாறு ஓர் இலையினுள் கலந்து நிற்கும் பல நிறப்பொருள்களை, அவற்றின் தன்மை கெடாமல், தனித்தனியே பிரித்துக் காட்டும் வழியை உலகுக்கு அளித்தவர் மிகயில் ஸ்வெட் என்னும் ருஷிய நாட்டுத் தாவரவியல் அறிஞர். மருந்தின் தூய்மையையும் உணவின் தரத்தையும் ஆராயும் கூடங்களில் இன்று இயங்கும் பிரிகைக் குழல்கள் யாவும் அவர் கையாண்ட சிறு கண்ணாடிக் குழலின் வழித்தோன்றல்களே ஆகும்.

பிறப்பும் கல்வியும்

ஸ்வெட் 1872ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் இத்தாலி நாட்டில் ஆஸ்டி என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் செம்யோன் ஸ்வெட் ருஷிய அரசின் அலுவலர். தாயார் மரியா இத்தாலிய மரபினர். பிறந்த சின்னாட்களிலேயே குழந்தை தாயை இழந்தது. தந்தையார் அலுவலின் பொருட்டு ருஷியாவுக்குத் திரும்ப வேண்டியிருந்தமையால், குழந்தை சுவிட்சர்லாந்து நாட்டில் செவிலியின் பொறுப்பில் வளர்ந்தது. லொசான் நகரிலும் ஜெனீவா நகரிலும் பள்ளிக் கல்வி பெற்ற ஸ்வெட், பின்னர் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1893ஆம் ஆண்டில் இயற்பியலிலும் கணிதத்திலும் பட்டம் பெற்றார். ஆயினும் அவர் உள்ளம் செடிகொடிகளின்பாலே சென்றது. தாவர உயிரணுக்களை ஆராய்ந்து, 1896ஆம் ஆண்டில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

அவ்வாண்டே அவர் தம் தந்தையாரின் நாடாகிய ருஷியாவுக்குச் சென்றார். அங்கு எதிர்பாராத தடை ஒன்று அவரை எதிர்கொண்டது. அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் வழங்கிய பட்டத்தை ருஷியப் பல்கலைக்கழகங்கள் ஏற்கவில்லை. டாக்டர் பட்டம் பெற்ற அறிஞர் மீண்டும் மாணவரைப் போலத் தேர்வுக்கும் ஆய்வுரைக்கும் ஆயத்தமாக வேண்டியவரானார். அவர் மனம் தளரவில்லை. பீட்டர்ஸ்பர்க் நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டும் தாவரவியல் கற்பித்துக்கொண்டும் காலங்கழித்து, 1901ஆம் ஆண்டில் கசான் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றார். 1902ஆம் ஆண்டில், அக்காலத்தில் ருஷிய ஆட்சிக்கு உட்பட்டிருந்த வார்சா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு பதவி கிடைத்தது. அவருடைய அழியாப் புகழுக்கு அடிப்படையான ஆராய்ச்சி அந்நகரிலேயே முற்றுப் பெற்றது.

ஒரு சிறு ஐயம்

பச்சையத்தை ஆராய்ந்தோர் அக்காலத்தில் பெரும் இடர்ப்பட்டனர். அதில் ஒருவகைப் பொருளே உள்ளதா, பலவகைப் பொருள்கள் உள்ளனவா என்பது முடிவாகவில்லை. கடுமையான இரசாயனப் பொருள்களைச் சேர்த்துப் பிரிக்க முயன்றால், பிரியும் பொருளே உருமாறிவிடும். உருமாறியதைக் கண்டு, இயற்கையில் உள்ளது இதுவே எனக் கூறுவது எங்ஙனம் பொருந்தும்?

இந்நிலையில் ஸ்வெட் ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூர்ந்து நோக்கினார். அரைத்த இலையின்மீது பெட்ரோலிய ஈதர் என்னும் நீர்மத்தை ஊற்றினால், கரோட்டின் என்னும் மஞ்சட் பொருள் மட்டுமே எளிதில் கரைந்து வருகிறது. அந்நீர்மத்தில் சிறிதளவு ஆல்கஹாலைக் கலந்து ஊற்றினாலோ, பச்சையும் மஞ்சளும் ஆகிய எல்லா நிறங்களும் ஒருங்கே கரைந்து வருகின்றன. வெளியே வந்த பச்சைப் பொருளோ பெட்ரோலிய ஈதரிலும் நன்றாகக் கரையக்கூடியது. அங்ஙனமாயின், இலைக்குள் இருக்கும்போது மட்டும் அது கரையாமல் நிற்பதன் காரணம் யாது?

இலையின் நுண்ணிய பகுதிகள் அந்நிறப்பொருள்களைத் தம் மேற்பரப்பில் பற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஸ்வெட் கருதினார். கருதியதோடு நில்லாமல், அதனைச் சோதித்தும் பார்த்தார். நிறக்கரைசலை வடிதாளில் தோய்த்து உலர்த்தி, அத்தாளின்மீது பெட்ரோலிய ஈதரை ஊற்றினார். இலையில் நிகழ்ந்ததே தாளிலும் நிகழ்ந்தது. கரோட்டின் மட்டும் கரைந்து வந்தது. உயிருள்ள இலைக்கும் உயிரற்ற தாளுக்கும் பொதுவாய் அமைந்த அப்பண்பே பரப்புக் கவர்ச்சி என்பது. இப்பண்பைக் கொண்டே நிறங்களைப் பிரித்தல் கூடும் என்று அவர் தெளிந்தார்.

கண்ணாடிக் குழல்

நிறங்களைப் பற்றும் தன்மை எப்பொருளுக்கு எவ்வளவு உண்டு என அறிய, ஸ்வெட் நூற்றுக்கு மேற்பட்ட தூள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். சில தூள்கள் நிறப்பொருளை விடாது பற்றின. சில அதனை உருமாற்றிக் கெடுத்தன. சில பற்றவே இல்லை. இறுதியில், மென்மையாகப் பற்றிப் பின் விட்டுவிடும் கால்சியம் கார்பனேட்டுத் தூளை அவர் பெரிதும் விரும்பினார். நாம் உண்ணும் சர்க்கரையின் தூளும் அவர் கையாண்ட மென்மையான பொருள்களுள் ஒன்றாகும். இலையின் பச்சையத்தைப் பிரிப்பதற்குச் சர்க்கரை உதவும் என்பது கரும்பு விளையும் ஊரினர்க்கு வியப்பளிக்கும் செய்தியன்றோ?

அவர் செய்த செயல்முறை வருமாறு: குறுகிய கண்ணாடிக் குழலின் அடியில் சிறிது பஞ்சை அடைத்து, அதன்மேல் நன்கு உலர்ந்த நுண்ணிய தூளைச் சிறிது சிறிதாக இட்டு, ஒரு கோலினால் சீராக அழுத்தி நிரப்பினார். இலையை மணலோடு சேர்த்து அரைக்கும்போது, அதன் புளிப்புத் தன்மை பச்சையத்தைக் கெடுக்காதபடி சிறிது கால்சியம் கார்பனேட்டையும் சேர்த்தார். பின் நிறங்களைக் கரைத்தெடுத்து, அக்கரைசலில் கலந்திருந்த ஆல்கஹாலை நீரினால் கழுவி நீக்கினார். அந்தப் பசுங்கரைசலைக் குழலின் தலைப்பில் ஊற்றினார். அது தூளினுள் இறங்கியதும், அதனைத் தொடர்ந்து தூய நீர்மத்தை இடைவிடாது ஊற்றி வந்தார்.

அப்பொழுது காணத்தக்க ஒரு காட்சி தோன்றியது. ஒன்றாய் இருந்த பசுமை மெல்ல மெல்லப் பல பட்டைகளாகப் பிரிந்தது. கரோட்டின் எல்லாவற்றிற்கும் முன்னே விரைந்து இறங்கிற்று. அதன் பின்னே மஞ்சட் பட்டைகளும், நீலப்பச்சைப் பட்டையும், மஞ்சட்பச்சைப் பட்டையும் நிரலே நின்றன. உச்சியில் மற்றொரு மஞ்சட் பட்டை தங்கியிருந்தது. வெண்ணிற ஒளி முப்பட்டகக் கண்ணாடியில் புகுந்து பல நிறமாக விரிவது போல, இலையின் நிறமும் அக்குழலில் விரிந்தது. ஸ்வெட் அத்தூளைக் கலையாமல் குழலிலிருந்து வெளியே தள்ளி, பட்டை பட்டையாகக் கத்தியால் அறுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள பொருளை ஆல்கஹாலில் தனித்தனியே கரைத்தெடுத்தார். பச்சையம் இருவகைப்படும் என்பதும், மஞ்சட் பொருள்கள் பல என்பதும் இதனால் விளங்கின.

இப்பிரிவு எவ்வாறு நிகழ்கிறது என்பதை ஓர் உவமையால் அறியலாம். பெண்ணாடத்துப் பிரளயகாலேசுவரர் திருக்கோயிலை நோக்கித் திருவிழா நாளில் பலர் ஒரே நேரத்தில் ஒரே தெருவில் புறப்படுகின்றனர் என்று கொள்வோம். வளையற்கடை, பொம்மைக்கடை, பலகாரக்கடை ஆகிய ஒவ்வொன்றிலும் நின்று நின்று செல்வோர் பிந்தி வருவர். எங்கும் நில்லாமல் நடப்போர் முந்தி வருவர். புறப்படும்போது ஒரே கூட்டமாய் இருந்தோர், சேரும்போது பல சிறு குழுவினராகப் பிரிந்துவிடுவர். குழலிலுள்ள தூளே கடைத்தெரு. ஓடும் நீர்மமே கூட்டத்தைச் செலுத்தும் ஆர்வம். தூளின்பால் மிகுந்த பற்றுடைய பொருள் தங்கித் தங்கி வரும்; பற்றுக் குறைந்த பொருள் விரைந்து வெளிப்படும்.

1903ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21ஆம் நாள் வார்சா நகரத்து இயற்கையியல் அறிஞர் கழகத்தில் ஸ்வெட் தம் முறையை முதன்முதல் எடுத்துரைத்தார். 1906ஆம் ஆண்டில் ஜெர்மன் மொழியில் இரு கட்டுரைகளை வெளியிட்டு, தம் முறைக்குக் குரோமட்டோகிராபி எனப் பெயர் சூட்டினார். நிறத்தை எழுதுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களால் ஆயது அப்பெயர். தமிழில் அதனை நிறப்பிரிகை என்கிறோம். ஸ்வெட் என்னும் அவர்தம் குடும்பப் பெயருக்கும் ருஷிய மொழியில் நிறம் என்பதே பொருள்.

எதிர்ப்பும் உறுதியும்

புதிய முறையை அறிஞருலகம் உடனே வரவேற்கவில்லை. பச்சைய ஆராய்ச்சியில் பெயர்பெற்ற போலந்து நாட்டு வேதியியலார் மார்ச்லெவ்ஸ்கி அதனைக் கடுமையாக மறுத்தெழுதினார். ஸ்வெட் தாவரவியலார், அவர் வேதியியலில் தலையிடுவதைச் சிலர் விரும்பவில்லை. ஸ்வெட் வாதத்தோடு அமையாமல், 1907ஆம் ஆண்டில் தம் குழல்களுடன் பெர்லின் நகருக்குச் சென்று, ஜெர்மன் தாவரவியல் கழகத்தார் முன்னிலையில் நிறப்பட்டைகளை நேரில் காட்டினார்.

அக்காலத்து வேதியியலாருள் தலைசிறந்து விளங்கிய வில்ஸ்டேட்டர், பச்சைய ஆராய்ச்சிக்காக 1915ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றவர். அவரும் ஸ்வெட்டின் முறையைச் செய்து பார்த்தார்; ஆனால் அவர் கையில் அது பயன்தரவில்லை. ஸ்வெட் மென்மையான தூள்களைத் தேர்ந்து கூறியிருக்க, அவர் கடுமையாகப் பற்றும் தூளைக் கையாண்டமையால் பச்சையம் குழலிலேயே சிதைவுற்றது. சிதைவைக் கண்டவர்கள் குற்றம் முறையினுடையது என்றனர். அறிஞர் பெருமகனார் ஒருவரின் சொல் என்பதால் பலரும் அதனை நம்பினர். குழலில் என்ன நிரப்புகிறோம், எங்ஙனம் நிரப்புகிறோம் என்னும் சிறு செய்தி, ஓர் அரிய முறையை ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் மூலையில் ஒதுங்கச் செய்தது.

1910ஆம் ஆண்டில் ஸ்வெட் தம் ஆராய்ச்சி முழுவதையும் ஒரு பெருநூலாக ருஷிய மொழியில் வெளியிட்டார். அடுத்த ஆண்டில் ருஷிய அறிவியல் கழகம் அதற்குப் பரிசளித்தது. மஞ்சள் நிறப்பொருள்களின் குடும்பத்துக்குக் கரோட்டினாய்டுகள் என்னும் பொதுப் பெயரையும் அவரே வழங்கினார். எனினும் அந்நூல் ருஷிய மொழியில் இருந்தமையால், பிற நாட்டார் பெரும்பாலோர் அதனைப் படித்திலர்.

போரும் இறுதி நாட்களும்

1914ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. அடுத்த ஆண்டில் ஜெர்மன் படைகள் வார்சாவை நெருங்கின. அங்குள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் பணியாற்றிய ஸ்வெட், தம் ஆராய்ச்சிக்கூடத்தைத் துறந்து வெளியேற நேர்ந்தது. கல்லூரி முதலில் மாஸ்கோவுக்கும், பின்னர் நிஷ்னி நோவ்கொரோத் நகருக்கும் மாறிற்று. ஊர்தோறும் கல்லூரியை மீண்டும் அமைக்கும் வேலையில் அவருடைய நாட்கள் கழிந்தன. ஆராய்ச்சிக்கு அமைதியும் இல்லை. உடலில் வலிமையும் இல்லை.

1917ஆம் ஆண்டில் டார்ட்டு நகரப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர் பதவி கிடைத்தது. நெடுநாள் விரும்பிய பதவி அது. ஆயினும் அடுத்த ஆண்டே அந்நகரையும் ஜெர்மன் படைகள் கைப்பற்றின. மீண்டும் இடம்பெயர்ந்து வொரோனெஷ் நகரை அடைந்தார். 1918ஆம் ஆண்டின் நோபெல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை. நோயுற்று நலிந்த ஸ்வெட், 1919ஆம் ஆண்டு சூன் மாதம் 26ஆம் நாள், தம் நாற்பத்தேழாம் வயதில் வொரோனெஷில் உயிர்நீத்தார். தாம் கண்ட முறை உலகெங்கும் பரவும் நாளைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

மீண்டும் எழுந்த முறை

1931ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் கூன், லெடரர், வின்டர்ஸ்டைன் என்னும் அறிஞர்கள் கரோட்டினை ஆராய்ந்தனர். அது ஒரே பொருளா, கலவையா என்னும் ஐயம் எழுந்தபோது, லெடரர் ஸ்வெட்டின் முறையை நாடினார். அவருக்குத் துணையாய் அமைந்தது ஸ்வெட்டின் ருஷிய நூலின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு. அம்மொழிபெயர்ப்பைத் தம் பயனுக்காக முன்னரே செய்வித்து வைத்திருந்தவர் வில்ஸ்டேட்டரே! பயனற்றது என அவர் ஒதுக்கிய முறை, அவரிடமிருந்து வந்த ஏட்டின் வாயிலாகவே மறுவாழ்வு பெற்றது. தூள் நிரப்பிய குழலில் கரோட்டின் இருவகையாகப் பிரிந்தது. அதன் பின்னர் ஆராய்ச்சிக்கூடம் தோறும் பிரிகைக் குழல்கள் தோன்றின. 1941ஆம் ஆண்டில் மார்ட்டின், சிஞ்சு என்னும் ஆங்கில அறிஞர் இருவர் இம்முறையை மேலும் விரிவாக்கி, 1952ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர்.

குழலைப் பேணுதல்

இன்றைய குழல் கண்ணாடியால் ஆயதன்று. உறுதியான எஃகினால் ஆயது. ஒரு சாண் அளவே நீளமுள்ள அதனுள், 5 மைக்ரோமீட்டர் அல்லது அதனினும் சிறிய துகள்கள் நிரப்பப்பட்டிருக்கும். ஒரு மில்லிமீட்டரை இருநூறு கூறாக்கினால் ஒரு கூறு 5 மைக்ரோமீட்டர் ஆகும். துகள் சிறிதாகச் சிறிதாகப் பிரிவு தெளிவாகும். நீர்மம் புகுவதோ அரிதாகும். ஆதலின் வளிமண்டல அழுத்தத்தினும் நூற்றுக்கணக்கான மடங்கு மிகுந்த அழுத்தத்தோடு எக்கிகள் நீர்மத்தைச் செலுத்துகின்றன. நிறமற்ற பொருள்களையும் உணரும் கருவிகள் குழலின் இறுதியில் அமைந்துள்ளன.

ஸ்வெட் ஒவ்வோர் ஆய்வுக்கும் புதிதாகத் தூளை நிரப்பினார். இன்றைய குழலோ பன்முறை பயன்பட வேண்டுவது. ஆதலின் அதனைப் பேணுதல் பெரிதும் இன்றியமையாதது. ஆராயும் கரைசலை வடிகட்டிய பின்னரே செலுத்துதல் வேண்டும். இல்லையேல் நுண்தூசி குழலின் வாயை அடைத்துவிடும். முதன்மைக் குழலுக்கு முன்னே ஒரு சிறு காவற்குழலைப் பொருத்தினால், அழுக்கு அதனிடத்தே தங்கும். நீர்மத்தில் கரைந்துள்ள காற்றை முன்னரே நீக்குதல் வேண்டும். ஓட்டத்தை ஒரேயடியாக மிகுக்காமல் படிப்படியாக உயர்த்தினால், உள்ளே நிரம்பிய துகள்கள் நிலைகுலையா.

உப்புக் கரைசலைப் பயன்படுத்திய நாளில் குழலை அப்படியே விட்டுச் செல்லலாகாது. முதலில் நீர் மிகுந்த கலவையால் உப்பைக் கழுவி, அதன் பின்னரே மெத்தனால் போன்ற கரைப்பானைச் செலுத்துதல் வேண்டும். வரிசை மாறினால் உப்பு உள்ளேயே படிந்து குழலை அடைக்கும். நெடுநாள் வைப்பதாயின், அக்குழலுக்கு உரிய கரைப்பானை நிரப்பி, இருமுனையையும் இறுக மூடுதல் நன்று. வெறும் நீரில் வைத்தால் நுண்ணுயிர்கள் வளரும். துகள்கள் பெரும்பாலும் சிலிக்காவால் ஆனவை; கடுங்காரக் கரைசல் அவற்றைக் கரைத்துவிடும். ஒவ்வொரு நாளும் அழுத்தத்தைக் குறித்து வருவோர்க்குக் குழலே தன் நிலையை அறிவிக்கும். அழுத்தம் ஏறினால் அடைப்பு என்றும், சட்டென இறங்கினால் கசிவு என்றும் ஐயுற்று ஆராய்தல் வேண்டும்.

இவ்விதிகள் புதியன போலத் தோன்றினும், இவற்றின் வேர் ஸ்வெட்டின் செயல்முறையில் உள்ளது. பொருளைக் கெடுக்காத தூளைத் தேர்தல், அதனைச் சீராக நிரப்புதல், இலையின் புளிப்பை முன்னரே அடக்குதல், தூய நீர்மத்தைப் பொறுமையோடு செலுத்துதல் என்னும் நான்கும் அவர் கைக்கொண்ட ஒழுங்குகள். அவ்வொழுங்கைக் கைவிட்டவர் பேரறிஞராயினும் பயன்பெற்றிலர். அதனைப் போற்றிய இளைஞர் லெடரர் வெற்றி கண்டார்.

மாணவர்களே! ஸ்வெட்டுக்குச் செல்வமோ, உயர்பதவியோ, அமைதியான வாழ்வோ அமையவில்லை. அவர் பெற்ற பட்டத்தை ஒரு நாடு ஏற்கவில்லை. அவர் கண்ட உண்மையை அறிஞர் சிலர் ஏற்கவில்லை. போர் அவரை ஊர் ஊராக ஓட்டியது. இத்தனைக்கும் இடையே, தாம் செய்வதைத் திருந்தச் செய்து, செய்ததை மறையாமல் எழுதி வைத்தார். அவ்வெழுத்தே அவர் மறைந்த பின்னர் அவருக்காகப் பேசியது. ஆய்வுக்கூடத்தில் ஒரு குழலைக் கழுவி வைப்பதும், ஒரு குறிப்பைப் பிழையின்றி எழுதுவதும் சிறு செயல்கள் என்று எண்ணாதீர்கள். உண்மையை வெளிப்படுத்தும் பெருஞ்செயல் அத்தகைய சிறு செயல்களின் மேல்தான் நிற்கிறது.